கவலைப்பட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். வீட்டில் மாமியார், பிளஸ் டூ முடித்த மகன், பத்தாவது படிக்கும் மகள். இரண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு இருக்கிறது. காய் விலை விழுந்த வருஷம் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாததால் பாதிக் காயை மரத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே நகை அடகுக்குப் போயிருந்தது. பிறகு ஒரு குழு லோன், அதை அடைக்க இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று. கணவருக்குத் தெரிந்தது முதல் லோன் மட்டும். மற்ற இரண்டின் தவணை அட்டைகளை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

இதற்கிடையில் ஓர் உபவாச ஜெபத்தில் ஒரு பெண், "மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இவரும் சர்க்கரை, பிபி மாத்திரைகளை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. மீதி மாத்திரை அட்டை பைபிள் உறைக்குள் இருக்கிறது. ஆலயக் கட்டடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகப் பொருத்தனையும் (தேவனுக்குக் கொடுக்கும் நேர்த்திக்கடன் வாக்கு) செய்திருக்கிறார். கடன் தீரும் என்று நம்பிச் செய்தது. ஆறு மாதமாகியும் தீரவில்லை. ராத்திரியில் நான்கைந்து தடவை விழிப்பு வருகிறது. "கவலைப்படாதிருங்கள் என்று வேதம் சொல்கிறது, என்னால் முடியவில்லை. அப்படியென்றால் எனக்கு விசுவாசமே இல்லையா? தேவனை நம்புவது எப்படி என்று யாராவது சொல்லித் தாருங்கள்" என்று கேட்கிறார்.

நான் தருமபுரியில் உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். கிறிஸ்தவள். போதகரோ மருத்துவரோ அல்ல. அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பேச வேண்டும். "படுக்கும்போது, காலையில் எழாமலே போனால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. பாவம் என்று தெரியும்." அடுத்த வரியிலேயே மகளின் பரீட்சைக்குப் போய்விட்டீர்கள். என்னால் அவ்வளவு சீக்கிரம் அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

அந்த எண்ணம் வந்ததற்காக தேவன் உங்களை வெறுத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர்தான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அந்த நேரத்தில் தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்சு அதற்கு அப்புறம்தான்.

அதனால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். தோப்புக்கு அடிக்கும் மருந்து ஏதாவது வீட்டில் இருந்தால் அதை வெளியே கொண்டுபோய், நம்பிக்கையான ஒருவரிடம் பூட்டி வைக்கக் கொடுங்கள். அந்த எண்ணம் பலமாக வரும் எந்த ராத்திரியிலும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. அப்படிக் கூப்பிடுவது ஜெபத்தை விட்டு விலகுவது ஆகாது.

கவலையைப் பற்றி

"கவலைப்படாதிருங்கள்" என்று வரும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை நீங்கள் ஒரு சட்டம் மாதிரி வாசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கவலை வந்தவுடன் "ஐயோ, கட்டளையை மீறிவிட்டேனே" என்று இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. முதல் கவலை கடனைப் பற்றியது, இரண்டாவது உங்கள் ஆத்துமாவைப் பற்றியது. என்னிடம் வரும் விசுவாசிகளில் பலரை அதிகமாக வாட்டுவது இந்த இரண்டாவதுதான்.

இயேசு அதைச் சொன்னது யாரிடம்? நாளைக்குச் சோற்றுக்கு என்ன செய்வது என்று நிஜமாகவே தெரியாத கூலிக்காரர்களும் மீனவர்களும் நிறைந்த கூட்டத்திடம். அவர்களுடைய தேவையை அவர் அற்பமாகப் பேசவில்லை. "இவைகளெல்லாம் உங்களுக்கு வேண்டியவைகள் என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்" என்கிறார். அதிகாரம் முடியும்போது, "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்கிறார். நாளுக்கு ஒரு பாடு உண்டு என்று அவரே ஒத்துக்கொள்கிறார், பார்த்தீர்களா? அவர் தடுப்பது நாளைய பாட்டையும் இன்றைக்கே தூக்குவதைத்தான்.

இன்னொன்று. பிள்ளைக்காக வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். மாற்கு 9:24. பாதி நம்பிக்கை, பாதி பயம். அவனிடம், "போய் முழு விசுவாசத்தோடு வா" என்று இயேசு சொல்லவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். நீங்கள் என்ன உணர்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள். பயம் இருக்கும்போதே யாரிடம் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஆறு மாதமாகப் பதில் வராமலும் தினமும் ஜெபத்தில் உட்காருகிறவருக்கு விசுவாசம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மாத்திரையைப் பற்றி

இதில் சுற்றி வளைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றில் போய்ச் சர்க்கரை பார்த்து, பிபியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரமாக நிறுத்தியிருப்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். விட்டதற்கெல்லாம் சேர்த்து நீங்களாகவே இரண்டிரண்டாக விழுங்கிவிடாதீர்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்லட்டும்.

ராத்திரியில் நான்கைந்து தடவை எழுந்து பாத்ரூம் போகிறேன், தொண்டை வறள்கிறது, பகலெல்லாம் உடம்பு அசதி, அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை, விசுவாசக் குறைவால் தூக்கம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். சபையில் ஒருவர், ஜெபிக்கத் தேவன் எழுப்புகிறார் என்றாராம். சகோதரி, சர்க்கரை ஏறினால் உடம்பு இப்படித்தான் செய்யும். சிறுநீர் அடிக்கடி போகும், தாகம் எடுக்கும், சோர்வு தட்டும். தூக்கம் கெட்டால் மனசும் தானாகக் கீழே விழும். ஆவிக்குரிய தோல்வி என்று நீங்கள் நினைத்து அழும் சங்கதியில் ஒரு பகுதி இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் கட்டுப்படும் சங்கதியாக இருக்கலாம். உடம்பைச் சரிசெய்தபின் மனசில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். அதற்கு முன்னால் உங்களை நீங்களே தீர்ப்பு செய்யாதீர்கள்.

அந்தச் சாட்சி சொன்ன பெண்ணைப் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். தேவன் சுகம் தருகிறவர் என்று நானும் நம்புகிறேன். ஆனால் இயேசு குஷ்டரோகிகளைச் சுகமாக்கியபோது, போய் ஆசாரியனிடம் காட்டுங்கள் என்று அனுப்பினார். குணமானதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அந்தக் காலத்தில் ஆசாரியனுக்கு இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் லேப் ரிப்போர்ட் இருக்கிறது. சுகம் உண்மையானால் ரிப்போர்ட்டில் தெரியும், டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். அப்போது அதைச் சாட்சியாகச் சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

ஏசாயா தீர்க்கதரிசி, மரிக்கிற நிலையிலிருந்த எசேக்கியா ராஜாவுக்குத் தேவனுடைய வாக்கையும் சொன்னார், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் சொன்னார். பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்கா ஒரு வைத்தியர். நம் பக்கத்து ஜனங்கள் பெரிய வியாதி என்றால் ஓடும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரிப் பெண் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது. மருந்தும் விசுவாசமும் எதிரெதிர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, வேதத்திலிருந்து வரவில்லை. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனம் காட்டிப் பேசியது சாத்தான்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

காசு இல்லாததும் ஒரு காரணம் என்றால், அரசு சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமே 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் கிராமத்துக்கு வரும் பெண் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தேவனே, என் சுகத்துக்கு வழி காட்டும் என்று ஜெபித்துவிட்டு, வாசலில் மாத்திரையோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பொருத்தனையைப் பற்றி

இங்கே உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் சபையில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். தவணை தவறியதற்குச் சாபம் வருமோ என்று பயப்படுகிறீர்கள். நாலாவது லோன் எடுத்தாவது செலுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தை யாரும் உங்களுக்குப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. அந்த அதிகாரம் முழுக்கப் பொருத்தனைக் கணக்குதான். அதன் எட்டாம் வசனத்தில், குறித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழையாக ஒருவன் இருந்தால், அவன் ஆசாரியனுக்கு முன் வந்து நிற்கட்டும், அவனுடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிக்கட்டும் என்று இருக்கிறது. மோசேயின் சட்டமே ஏழைக்கு இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பவுலும் 2 கொரிந்தியர் 8:12-இல், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டு அவர்களைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். மகளின் பரீட்சைக் கட்டணத்திலிருந்தும் மாமியாரின் மருந்திலிருந்தும் எடுத்துப் போடும் காணிக்கையை அவர் எப்படிப் பார்ப்பார் என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் போதகரிடம் நேரில் போங்கள். கணவரிடம் பேசியபின் இரண்டு பேருமாகப் போனால் இன்னும் நல்லது. "ஐயா, திராணிக்கு மிஞ்சிச் சொல்லிவிட்டேன். இப்போது முடியாது. முடிந்தபோது முடிந்ததைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல மேய்ப்பர் என்றால், அம்மா, முதலில் கடனைப் பாருங்கள் என்பார். அப்படியில்லாமல் சாபம், நஷ்டம் என்று பயமுறுத்தினால், அந்தப் பயத்தைத் தேவனுடைய சத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொடுத்தால் கடன் தீரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது பற்றியும் ஒரு வார்த்தை. உங்களைக் குறை சொல்லவில்லை, நெருக்கடியில் இருக்கிறவர் கிடைத்த கயிற்றைப் பிடிப்பார். ஆனால் "நான் இவ்வளவு தருகிறேன், நீர் அவ்வளவு தாரும்" என்று பேசினால் தேவனும் வாரத் தவணை வசூலிக்க வருகிறவராகிவிடுவார். நீங்கள் அவரை நம்பத் தவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வசூலுக்கு வருகிறவரைப் பார்த்தால் ஒளிந்துகொள்ளத்தானே தோன்றும்?

கடனைப் பற்றி

வேதத்தில் உங்கள் கதைக்கு மிக நெருங்கிய கதை ஒன்று உண்டு. 2 இராஜாக்கள் 4. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துப்போக வருகிறான். விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் போய் வாய்விட்டுச் சொல்கிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் போய்ப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அதுவும் கொஞ்சமாக வாங்காதே என்கிறார். ஊரறியக் கை நீட்ட வைக்கிறார். எண்ணெய் பெருகியது அற்புதம், சரி. அப்புறம் என்ன சொன்னார்? எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததை வைத்து நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடன் மாயமாக மறையவில்லை. விற்று, எண்ணி, கொடுத்துத்தான் தீர்ந்தது.

எலிசா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டு எடுத்து மூன்று லோன், நகை அடகு எல்லாவற்றையும் எழுதுங்கள். வாங்கிய தேதி, தொகை, கட்டியது, பாக்கி, வாரத் தவணை. எழுதும்போது வயிற்றைக் கலக்கும், எழுதி முடித்தால் கொஞ்சம் இறங்கும். தலைக்குள் சுற்றும் கடன் எப்போதும் காகிதத்தில் இருப்பதை விடப் பெரிதாகத்தான் தெரியும்.

உங்கள் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும், உங்கள் குழு லோன் போன்ற ஈடில்லாத கடன் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொல்லை தரக் கூடாது. வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராமலிருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். திட்டுவது, மிரட்டுவது, உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்துவது எல்லாம் தவறு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

குழு மீட்டிங் காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, ஒருவர் பணம் குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்பும்வரை யாரையும் எழ விடுவதில்லை, போன வாரம் உங்களால் மற்றவர்கள் பத்து மணிவரை உட்கார்ந்தார்கள், எதிர்வீட்டு அக்கா அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த அவமானம்தான் உங்களை மூன்றாவது லோனுக்குத் தள்ளியது. கடன் கட்ட முடியாததற்காக மட்டும் போலீஸ் வந்து பிடித்துப்போகாது. செக் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு, வக்கீலிடம் காட்டுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடலாம், கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். நிறுவனத்திடம் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது. அவர்கள் பதில் சொல்லாவிட்டாலோ தொல்லை தொடர்ந்தாலோ ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் புகார் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள்.

புதுக் கடன் மட்டும் வேண்டாம். தோப்புச் செலவுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால், பட்டாவை எடுத்துக்கொண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள், காலத்தில் கட்டினால் வட்டி இல்லை. பழைய பெண்கள் குழுவையும் நினைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில், 1989-இல், தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் நம் தருமபுரியில்தான் தொடங்கியது. சொந்தச் சேமிப்பைப் போட்டு, அதிலிருந்தே கடன் எடுத்து, தங்களுக்குள் பேசி முடிவெடுக்கும் குழு அது. லோன் கொடுப்பதற்காகவே ஆட்களைச் சேர்க்கும் குழு அப்படிப்பட்டதல்ல.

மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், கல்லூரியில் சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். கடனுக்காகப் படிப்பை நிறுத்தி அவனைக் கம்பெனிக்கு அனுப்பும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கணவரிடம் சொல்வது

கடிதத்தில் நீங்கள் தேவனிடம் கேட்டிருப்பதெல்லாம் ஒன்றுதான்: கணவருக்குத் தெரியாமலே இந்தக் கடன் தீர வேண்டும். அந்த ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மறைத்து வைத்திருப்பதுதான் உங்களை இவ்வளவு தனியாக்குகிறது என்பது நன்றாகத் தெரிகிறது. தேவனை நம்புவதன் முதல் படி உங்களுக்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். சொன்ன பிறகும் தேவன் அந்த வீட்டில் இருப்பார்.

அவருடைய ஆதார் நகலையும் போட்டோவையும் நீங்களே லோனுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரும் இணை விண்ணப்பதாரராகச் சேர்ந்திருந்தால், நாளைக்கு அவர் ஏதாவது வங்கிக்குப் போகும்போது சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் தானாக வெளிவரும். வசூல்காரர் வாயிலிருந்தோ வங்கி மேஜையிலோ அவர் தெரிந்துகொள்வதை விட உங்கள் வாயிலிருந்து கேட்பது மேல்.

சனிக்கிழமை ராத்திரி களைத்து வந்தவுடன் தொடங்காதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் வெளியே போனபின் பேசுங்கள். அந்த நோட்டும் தவணை அட்டைகளும் கையில் இருக்கட்டும். "ஏங்க, உங்களுக்குத் தெரியாம இன்னும் ரெண்டு லோன் வாங்கியிருக்கேன். பயந்துபோய் மறைச்சிட்டேன். எல்லாக் கணக்கும் இதுல இருக்கு. இனிமே புதுசா வாங்க மாட்டேன். என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?" இவ்வளவு போதும். நியாயப்படுத்த வேண்டாம், தரையில் விழுந்து அழவும் வேண்டாம். அவர் கத்தலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அதற்கு இடம் கொடுங்கள்.

கோபக்காரர், ஆனால் கை நீட்டியதில்லை என்கிறீர்கள். அப்படியும் மனசு உதறினால், அவர் மதிக்கும் உங்கள் நாத்தனாரிடம் முதலில் சொல்லி, அந்த ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அடி விழும் என்ற பயம் துளி இருந்தாலும் தனியாகப் பேசாதீர்கள், 181 பெண்கள் உதவி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி நம்பிக்கை

வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16-ஐ இந்த மாதம் திரும்பத் திரும்ப வாசியுங்கள். அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தது. ஆனால் கூடாரத்துக்குள் வந்து விழவில்லை, வெயில் ஏறுமுன் வெளியே போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. பயந்து மறுநாளுக்கு ஒளித்து வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னதும் அதே தேவன்தான், ஆகவே திட்டமிடுவது பாவமில்லை.

காலையில் ஜெபிக்கும்போது இன்றைக்குப் பொறுக்க வேண்டியது எது என்று ஒன்றே ஒன்றைக் குறியுங்கள். ஒரு நாள் அது சுகாதார நிலையம், இன்னொரு நாள் ஒரு போன். அதைச் செய்துவிட்டால், அன்றைய பங்கு முடிந்தது. ராத்திரி மற்ற கவலைகள் வரும்போது அடக்கப் பார்க்காதீர்கள். பெயர் சொல்லித் தேவனிடம் சொல்லுங்கள், கோபமாக இருந்தால் கோபமாகவே. 13-ஆம் சங்கீதம், கர்த்தாவே எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்றுதான் ஆரம்பிக்கிறது. அது வேதத்தில் இருக்கிறது என்றால் உங்களுக்கும் அப்படிக் கேட்க அனுமதி இருக்கிறது. ஆபகூக் 3-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களையும் வாசியுங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, ஒலிவமரத்தில் பலன் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று ஒரு விவசாயக் குடும்பத்தின் நஷ்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் அந்த மனிதர் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். மாந்தோப்பு வைத்திருக்கிற உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

இது ஒரு வாரத்தில் வராது. மூன்று நாள் நன்றாகப் போகும், நான்காம் நாள் பழையபடி மூச்சு முட்டும். அன்றைக்கு உங்களைத் திட்டிக்கொள்ளாமல் மறுநாள் காலை ஒன்றைக் குறியுங்கள். சபையில், கேட்டதை வெளியே சொல்லாத, தானே கஷ்டம் தாண்டி வந்த வயதான பெண் ஒருவர் இருந்தால், அவரோடு வாரம் ஒரு தடவை உட்கார்ந்து ஜெபியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மையும் அந்த எண்ணமும் நீங்கவில்லை என்றால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரை மாதிரி மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு.

கடைசியாக, மகள். ஏம்மா ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்டேங்கிற என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை என்று சொல்கிறேன், சரியா என்று கேட்டிருந்தீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது பொய் என்று தெரியும், மிச்சத்தை அவளே பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வாள். தொகையெல்லாம் சொல்ல வேண்டாம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன். கொஞ்சம் பணக் கஷ்டமும் இருக்கு, அப்பாவும் நானும் பார்த்துக்கறோம். உன் படிப்பு நிக்காது" என்று சொல்லுங்கள். அப்பாவிடம் பேசியபின் சொல்லுங்கள், அப்போதுதான் அந்த வாக்கியம் முழு உண்மையாக இருக்கும். டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.